கலங்கிய தண்ணீர்

வேதபாடம்: எசேக்கியேல் 34:17-19



தாகம் தீர்ந்த ஆடுகள், பின்னால் வரும் ஆடுகளை நினையாமல் தண்ணீரைச் சேறாக்கிவிட்டுப் போவதைக் கர்த்தர் இங்கே கண்டிக்கிறார். குடித்ததை அவர் குற்றமாகச் சொல்லவில்லை.

நம் நொய்யலிலும் இதைக் கண்டோம். நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லேயே வந்துவிட்டது. ஆனால் திருப்பூரில் துணியில் சாயம் ஏற உப்பு ஏராளமாக வேண்டும். 1990-களில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன. கரைந்த உப்பு ஆற்றோடு போயிற்று. (காய்ச்சினாலும் உப்பு போகாது என்று தாய்மாருக்கு நாங்கள் அடிக்கடி சொல்லவேண்டியிருக்கிறது.) பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. விவசாயிகள் தங்கள் அணைத் தண்ணீரையே வேண்டாம் என்றார்கள்.

அவர்கள் நீதிமன்றம் போனார்கள். சொட்டுக் கழிவும் வெளியேறக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2006-ல் உத்தரவிட்டது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போது வேலையிழந்தவர்கள் கூலித் தொழிலாளிகள். இத்தனை ஆண்டுத் தாமதத்தின் விலையில் ஒரு பங்கை அவர்களும் கொடுத்தார்கள்.

பட்டறைக்காரரும் பாசனக்காரரும் நம் சபைகளில் ஒன்றாய் அமர்ந்திருக்கிறார்கள். 19-ஆம் வசனத்தில் நாம் எந்த ஆடு? இந்த வாரக் குடும்ப ஜெபத்தில் பேசிப்பாருங்கள்.