ஈரக்காற்றில் ஒட்டுப்பலகை விமானம்

பினாங்கிலிருந்து ஹாங்காங்குக்கு 1936 மார்ச் மாதம் தொடங்கிய வான்தபால் சேவையில் முதலில் பறந்த ‘டொராடோ’ என்னும் டி ஹாவிலண்ட் டி.எச்.86 விமானம், தபால் பைகளோடு ஒரே ஒரு பயணியைச் சுமந்து சென்றது என்பது வரலாற்றில் இடம்பெற்ற செய்தி. அது பெரும்பாலும் மரத்தாலும் துணியாலும் ஆனது என்பது மாதிரி விமானம் கட்டுவோருக்கு அதைவிட முக்கியமான செய்தி. மெல்லிய மரத்தகடுகளை, அவற்றின் இழையோட்டம் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையும்படி ஒட்டி அழுத்திய பலகையே ஒட்டுப்பலகை. கடைகளில் அதைப் பிளைவுட் என்று கேட்டால்தான் கிடைக்கும். டி.எச்.86-இன் உடற்கூடு இத்தகைய பலகைகளாலான ஒரு நீண்ட பெட்டி; அதன் வெளிப்புறத்தில் ஸ்புரூஸ் மரச்சட்டங்களைப் பொருத்தி, மேலே துணி போர்த்தியிருந்தார்கள். தட்டையான பலகையைக் கைவாளால் அறுத்துப் பெட்டியாக்குவது தொடக்கநிலைக் கைவினைஞருக்கும் இயலும் என்பதால், பார்வைக்கு நான்கு எஞ்சினும் இரட்டைத்தட்டு இறக்கையும் அச்சுறுத்தினாலும், உருண்டு வளைந்த உடற்கூடு கொண்ட போர்விமானங்களைவிட இது எளிதில் வசப்படும்.

முதலில் அளவுகோலைத் தீர்மானிக்க வேண்டும். மூல விமானத்தின் இறக்கை விரிவு 19.66 மீட்டர், நீளம் 14.05 மீட்டர், எட்டில் ஒரு பங்காகக் குறைத்தால் விரிவு 2.46 மீட்டரும் நீளம் 1.76 மீட்டரும் வரும். நீளம் எட்டில் ஒன்றாகும்போது இறக்கையின் பரப்பு அறுபத்து நான்கில் ஒன்றாகவும், கன அளவு ஐந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றாகவும் சுருங்கும் என்பதால், ஏறத்தாழ 4,650 கிலோ எடையுடன் மேலெழுந்த அந்த விமானத்தின் மாதிரி 9 கிலோவை ஒட்டி நிற்க வேண்டும். இந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள பிர்ச் ஒட்டுப்பலகை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 2 கிலோ கனக்கிறது, வலிமை கருதி எங்கும் பிர்ச்சையே பயன்படுத்துபவர் உடற்கூட்டை முடிக்குமுன்பே பாதி எடையைச் செலவிட்டிருப்பார். எஞ்சின் தாங்கிகள், சக்கரக்கால்கள் பிணையும் இடம், இறக்கை இணைப்பு ஆகியவற்றுக்கு மட்டும் பிர்ச், மற்றவற்றுக்கு இலேசான பாப்ளர் ஒட்டுப்பலகை, இறக்கைத் தோலுக்குப் பால்சா என்று பிரித்துக்கொள்வதே முறை.

வரைபடம் வடிவத்தைச் சொல்லும். மரத்தின் இயல்பையும் காற்றின் ஈரத்தையும் அது சொல்வதில்லை. மாதிரி விமான வரைபடங்களுள் மிகுதியானவை குளிர்நாடுகளில் வரையப்பட்டவை. ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டை ஒட்டி நிற்கும் பினாங்கின் ஜார்ஜ் டவுனில், பழைய பிட் ஸ்ட்ரீட்டாகிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையின் கடைவீடொன்றின் மாடியில், அதே வரைபடத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுபவர் முறுக்கிய இறக்கையைத்தான் பெறுவார். இது மிகைக்கூற்றன்று. 1944-இன் இறுதியில் இந்தியாவிலிருந்த மஸ்கிட்டோ விமானங்கள், மரப்பகுதிகளின் ஒட்டு விட்டுப்போனதால் பறப்பதிலிருந்து நிறுத்தப்பட்டன. வெப்பமும் ஈரமும் காரணம் என்று சிலரும், தொழிற்சாலையில் ஒட்டுவேலை சரியாக நடக்கவில்லை என்று சிலரும் கூறினர். பால்புரதத்திலிருந்து செய்யப்படும் கேசீன் பசையை விட்டு, ஈரத்தைத் தாங்கும் செயற்கைப் பசைக்கு மஸ்கிட்டோவைக் கட்டிய டி ஹாவிலண்ட் நிறுவனம் மாறியது. அதே மரபில் வந்த ஹார்னெட் விமானங்கள் 1950-களின் முற்பாதியில் ஜார்ஜ் டவுனுக்கு எதிரே கடலின் அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலும் இருந்து பறந்தன. மலாயாவின் ஈரம் அவற்றின் மரக்கூட்டையும் விட்டுவைக்கவில்லை.

எனவே பலகையை வாங்கிய அன்றே அறுக்கலாகாது. கட்டும் அறையிலேயே, தட்டையான பரப்பில், இடையிடையே குச்சி வைத்துக் காற்றோட்டமாக இரண்டு வாரம் அடுக்கி வைத்தால், அறையின் ஈரத்தோடு பலகை சமநிலைக்கு வந்துவிடும். அதற்குள் வளையும் பலகை எதுவென்றும் தெரிந்துவிடும். வளைந்ததைச் சிறு துண்டுகளுக்கு ஒதுக்கிவிட வேண்டுமேயன்றி, ஆணியடித்து நிமிர்த்தி உடற்கூட்டின் பக்கப்பலகையாக்க முயலக்கூடாது.

வரைபடத்தை அச்சகத்தில் நகலெடுக்கும்போது நீளவாட்டில் ஓர் அளவும் அகலவாட்டில் வேறோர் அளவுமாக விரிவதுண்டு. ஒரு விழுக்காட்டுப் பிழையே இரண்டரை மீட்டர் இறக்கையில் இரண்டரை சென்டிமீட்டராகிவிடும். இரு திசையிலும் அளவுகோலை வைத்துப் பார்த்தபின்பே வெட்டத் தொடங்க வேண்டும். மேலும், பெரும்பாலான வரைபடங்களில் ஓர் இறக்கை மட்டுமே வரையப்பட்டிருக்கும்; மற்றொன்றை அதன் கண்ணாடிப் பிம்பமாகக் கட்ட வேண்டும். இதை மறந்து இரண்டு இடது இறக்கைகளைக் கட்டிவிட்டு நிற்பது இக்கலையின் மிகப் பழைய பிழை, அனுபவசாலிகளும் இதற்கு விலக்கில்லை. தாளின் மீது சிறிது தேங்காயெண்ணெயைத் துணியால் தேய்த்தால் கோடுகள் மறுபுறமும் தெளிவாகத் தெரியும். தாளைத் திருப்பிப் போட்டால் வலது இறக்கைக்கான வரைபடம் கிடைத்துவிடும். எண்ணெய் பட்ட தாளில் பசை ஒட்டாதபடி மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரிக்க வேண்டும்.

அறுக்கும் கருவி வில்போன்ற சட்டத்தில் மயிரிழை போன்ற வாளைப் பூட்டிய ஃப்ரெட்சா. இதன் நுட்பத்தை அறிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய நகைப்பட்டறைகளைப் பார்த்தாலே போதும்: தகடு அறுக்கும் தட்டார், முனையில் ‘வி’ வடிவில் பிளந்த கட்டையின் மேல் தகட்டை வைத்து, பற்கள் கீழ்நோக்கியிருக்கும் வாளை நிமிர்ந்தபடியே மேலும் கீழும் இயக்கி, வாளைத் திருப்பாமல் தகட்டைத் திருப்புகிறார். ஒட்டுப்பலகைக்கும் இதுவே விதி. வாள் கீழிறங்கும்போது மட்டும் வெட்டுவதால் மேற்புறத்து விளிம்பு சிதறாது. அழுத்தினால் வாள் சாய்ந்து, பலகையின் மேற்புறத்தில் ஒரு வடிவமும் அடிப்புறத்தில் வேறொரு வடிவமும் வந்துவிடும். கோட்டின் மேலேயே அறுக்காமல் அரை மில்லிமீட்டர் வெளியே அறுத்து, மீதியை உப்புத்தாளால் தேய்த்து நீக்குவது நேரத்தைத் தின்னும் வேலையாகத் தோன்றினாலும், உள்ளே போய்விட்ட வாளைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. எடை குறைக்கும் துளைகளை வெளிவிளிம்பை அறுக்குமுன் அறுக்க வேண்டும், அவற்றின் மூலைகளை வட்டமாக விட வேண்டும்; கூர்மூலையில்தான் விரிசல் பிறக்கும். லேசர் இயந்திரத்தில் வெட்டித் தரும் தொகுதிகள் இவ்வுழைப்பை மிச்சப்படுத்துகின்றன என்பது உண்மையே, ஆனால் அவற்றை வாங்குபவருக்கு எந்தப் பலகை எந்தப் பக்கம் வளையும் என்பது கைக்கு எட்டுவதில்லை.

இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தைத் தாங்கும் விலாச்சட்டங்களை ரிப் என்பர். நுனியை நோக்கி ஒடுங்கும் இறக்கையில் ஒவ்வொரு ரிப்பும் அளவில் வேறுபடும். அவற்றைத் தனித்தனியே வரையாமல், அடிப்பக்க ரிப்பையும் நுனி ரிப்பையும் கெட்டியான தகட்டில் அச்சாக வெட்டி, இடையில் மற்றவற்றைத் திருகாணியால் கோத்து ஒரே கட்டாகத் தேய்த்தால், படிப்படியான ஒடுக்கம் தானே அமைந்துவிடும். இடதுக்கும் வலதுக்கும் தனித்தனிக் கட்டு வேண்டும், தேய்த்த விளிம்புகள் சரிந்திருக்கும் என்பதால் ஒன்றை மற்றொன்றுக்கு மாற்ற முடியாது.

ஒட்டும்போது இறக்கையைப் பழைய தட்டைக் கதவொன்றின் மேல் ஊசியால் பிணித்து வைப்பது வழக்கம்; வேண்டிய முறுக்கையும் அப்போதே கொடுத்துவிட வேண்டும். நுனிப்பகுதி அடிப்பகுதியைவிடச் சற்றுக் குறைந்த கோணத்தில் காற்றை எதிர்கொள்ளுமாறு முறுக்குவதற்கு வாஷ்அவுட் என்று பெயர்; மெதுவாகப் பறக்கையில் ஒருபக்க இறக்கை திடீரெனச் சரிவதை அது தடுக்கிறது. வெள்ளைப் பசை இந்த ஈரக்காற்றில் மெல்லவே இறுகும். புட்டியில் அரை மணி என்று போட்டிருந்தாலும், பொழுதைப் பிற்பகல் அஸர், மாலை மஃரிப் தொழுகைகளால் அளக்கும் அந்தப் பள்ளிவாசல் சாலையில் அஸருக்கு ஒட்டியதை மஃரிபுக்கு முன் அசைக்காமலிருப்பதே பாதுகாப்பு. சூப்பர்குளூ இதற்கு நேர்மாறு, ஈரத்தில் அது அவசரமாகப் பிடித்துக்கொள்ளும், திருத்த இடம் தராது. துணியை இறுக்கப் பூசும் டோப் என்னும் பூச்சையோ மழை நாளில் தொடவே கூடாது. காற்றின் ஈரம் அதில் படிந்து வெண்மேகமாகப் பூத்துவிடும்.

எல்லாம் முடிந்தபின் எடைமையம் பார்க்க வேண்டும். இதை விளக்க, சோற்றுணவான நாசி கண்டாரின் பெயரே போதும்: கண்டார் என்பது தோளில் சுமக்கும் தடி, சோற்றுக்கூடை ஒருபுறமும் குழம்பு மறுபுறமுமாகச் சுமந்து விற்றவர், எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கத்துக்கு அருகில் தோளைக் கொடுத்தார். விமானத்தின் தோள், இறக்கையின் சராசரி அகலத்தில் முன்விளிம்பிலிருந்து கால் பங்கை ஒட்டி அமைவது நலம். வால் அந்த இடத்திலிருந்து மூக்கைவிட மூன்று மடங்கு தொலைவில் இருந்தால், வாலில் கூடும் பத்துக் கிராமுக்கு மூக்கில் முப்பது கிராம் ஈயம் கட்ட வேண்டிவரும். வாலைக் கடைசியில் கட்டலாம் என்று விட்டுவைத்து, மிஞ்சிய கனத்த பலகையில் அதை முடிப்பவர்கள் இதை அப்போதுதான் அறிந்துகொள்கின்றனர். டி.எச்.86-இன் வால் மேலும் ஒரு காரணத்தால் கவனத்துக்குரியது: மூல விமானத்திலேயே திசைநிலைப்பு போதாமல், பிற்பட்ட டி.எச்.86பி வகையில் வால்தட்டின் இரு முனையிலும் கூடுதல் செங்குத்துத் தகடுகள் சேர்க்கப்பட்டன. ‘டொராடோ’வின் தோற்றத்துக்கு அவை பொருந்தா, எனினும் முதல் பறத்தலுக்குக் கழற்றிமாட்டும் தகடுகளாக அவற்றை வைப்பது கோழைத்தனம் ஆகாது.

மலேசிய விதிகளின்படி 400 அடிக்கு மேல் பறப்பதற்கும், விமான நிலையச் சுற்றுவட்டத்தில் பறப்பதற்கும் முன்னனுமதி தேவை. பாயான் லெபாஸ் விமான நிலையம் பினாங்குத் தீவிலேயே இருப்பதால் இதை முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். அதற்கும் முன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையின் கடைவீடுகள் முகப்பில் குறுகி, பின்னோக்கி நீண்டவை. மாடிப்படி செங்குத்தானது, திருப்பத்தில் இரண்டு மீட்டர்ப் பொருள் திரும்பாது. இறக்கையை நடுவில் அலுமினியக் குழாயால் இணையும் இரண்டு துண்டுகளாகக் கட்டலாம், ஆனால் 1.76 மீட்டர் உடற்கூட்டைப் பெரும்பாலும் யாரும் இரண்டாகப் பிளப்பதில்லை. ஆகவே முதல் பலகை வாங்குவதற்கு முன் படிக்கட்டின் திருப்பத்தை அளந்து பாருங்கள்.