கோப்பினின்று தமிழெழுத்தை வாசித்தல்

அன்னவாசலில் வாழ்ந்து மறைந்த என் தாய்வழிப் பாட்டனார், ஆசிரியப் பணியினின்று ஓய்வுபெற்றபின், அவ்வூர்ப் பெண்டிர் பாடும் நடவுப் பாட்டுக்களைக் கேட்டு, 2002ஆம் ஆண்டில் கணினியிற் பதிந்து வைத்தார். அண்மையில் அக்கோப்பைத் திறந்த யான் கண்டது பாட்டன்று. தலைமேற் குறியிட்ட உரோம எழுத்துக்களின் குவியலே. கோப்புக் கெட்டதென்றனர் நண்பர். வாசித்த முறையே பிழையென்பது பின்னர் விளங்கிற்று. தமிழ் பயில்வார்க்கு அது பயன்படுமாதலின் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

கோப்பில் எழுத்து என்பதே இல்லை. உள்ளவை 0 முதல் 255 வரையுள்ள எண்கள். அவற்றைப் பைட்டு என்பர். எவ்வெண் எவ்வெழுத்தாகும் என்பது எழுதினோனும் வாசிப்போனும் கொண்ட உடன்பாடே. 1991இல் வெளிவந்த யூனிகோடில் ‘க’ என்பதன் எண் 2965. அதனை யூடிஎஃப்-8 முறையிற் கோப்பில் இடுங்கால் 224, 174, 149 என மூன்று பைட்டுக்கள் ஆகின்றன.

‘அன்னவாசல்’ என்னும் சொல்லையே கொள்வோம். நம் இலக்கணப்படி எழுத்து ஆறு. பைத்தான் மொழியிற் கோப்பைத் திறந்து, குறி குறியாக வாசிக்குமாறு பணித்தால் ஒன்பது வரும். ‘ன்’ என்பதை ‘ன’ எனவும் புள்ளி எனவும், ‘வா’ என்பதை ‘வ’ எனவும் கால் எனவும் அது பிரித்துக் கொள்ளும். பைட்டு வழியே எண்ணினால் இருபத்தேழு. யாப்பிலக்கணம் பயில்வோர் இவ்வொன்பதை எழுத்தெண்ணிக்கையென மயங்கற்க. பிரிந்த குறிகளை மீண்டும் உயிர்மெய்யாக்க ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் நிரற்றொகுதி உதவும். மேலும், பெருங்கோப்பைப் பத்துப் பத்துப் பைட்டாக அறுத்து வாசித்தல் தகாது. மூன்றன் தொகுதியொன்று நடுவே அறுபடும்.

எழுத்தின் உடன்பாடு அறியாது வாசிக்கும் இடர் புதிதன்று. அன்னவாசலுக்கு அணித்தாயுள்ள சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கையில் தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் உள்ளன. பழைய குகை எழுத்துக்கள் சிலவற்றில், கோடு பெறாத மெய்வடிவம் அகரம் ஏறாத தனிமெய்யே. அசோகனது பிராமியைப் போல அகரமேற்றி வாசித்தால் சொற்கள் தமிழாகத் தோன்றா. 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் குகைக் கல்வெட்டுக்களின் மொழி தமிழே எனக் காட்டினார். கல் மாறவில்லை, வாசிப்பே மாறிற்று.

நிற்க. பாட்டனார் கோப்பை யூடிஎஃப்-8 என வாசிக்கப் பணித்தேன். பைத்தான் பிழையென்று மறுத்தது. பிழைப்பட்டவற்றைப் புறக்கணிக்குமாறு ஆணையிடவும் அம்மொழியில் வழியுண்டு. அது தீது, பாட்டே மறைந்துபோம். ஆகவே வெறும் பைட்டுக்களாகத் திறந்தேன். முதல் வரி ஊர்ப்பெயர் என்பது அவர் கையேட்டால் தெரியும். அவ்வரியில் இருந்தவை ஏழே பைட்டுக்கள். இருபத்தேழு எங்கே, ஏழு எங்கே! அப்பொழுதுதான் திஸ்கி நினைவுக்கு வந்தது. யூனிகோடு பரவுமுன் தமிழர் பலர் இணையமடல் வழிக் கலந்து வகுத்த முறை அது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய மின்னூல்கள் பலவும் அம்முறையினவே. அதில் ‘ன்’ புள்ளியோடு ஒரே எண் பெறும். ‘வா’வின் கால் தனியே நிற்கும். ஆக ஏழு. ‘கொ’ என்பதோ, கையால் எழுதும் வரிசையில், கொம்பு முன்னும் ககரம் இடையும் காற்குறி பின்னுமாகக் கிடக்கும். யூனிகோடில் மெய்யே முன்நிற்கும். எனவே எண்ணை மாற்றினாற் போதாது. வரிசையையும் திருப்ப வேண்டும்.

அட்டவணை கொண்டு மாற்றியதும், “அன்னவாசல்” என்று திரையில் வந்தது. அன்றிரவு உறக்கமில்லை.

மற்றொரு படி எங்களிடம் இருந்தது. ஒரு கடையில் யாரோ அதனைத் திறந்து, அவ்வுருவிலேயே சேமித்துவிட்டமையால், எழுத்து நின்ற இடமெல்லாம் வினாக்குறிகள். அது மீளாது. முதற்கோப்பைத் தொடாமல், படியெடுத்தே இப்பொழுது வாசிக்கின்றேன். மூன்று பாட்டுக்களில் சில சொற்கள் இன்னும் ஐயம்; பாட்டனார் விரற்பிழையோ, என் அட்டவணைப் பிழையோ அறியேன். அவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு, விடுமுறையில் அன்னவாசல் சென்று, பாடிய மூதாட்டியருள் இருப்போரைக் கேட்கவிருக்கின்றேன்.