டிஸ்க் டிரைவரால் கணிப்பொறி விரைவு பெறுமா?

கூட்டுறவுச் சங்கத்தின் பொருள் அங்கத்தினர் ஒவ்வொருவருடைய பொருளாகும். ஆகவே சங்க அலுவலகத்தில் ஒரு கருவிக்காகச் செலவிடுமுன், அச்செலவு எந்தக் குறையை நீக்கும் என்று ஆராய்தல் நிர்வாகக் குழுவினரின் கடமை. அதனைக் கேட்டறிதல் அங்கத்தினரின் உரிமை. நூல் வழங்கும் நாளிலும், கூலிப் பட்டுவாடா நாளிலும், பயிர்க்கடன் தவணை செலுத்தும் நாளிலும் அலுவலகக் கணிப்பொறி மந்தமாயிருப்பின், அங்கத்தினர் வரிசையில் காத்து நிற்க நேரிடுகிறது. இதற்கு மருந்தென, “டிரைவர்களைப் புதுப்பித்துக் கணிப்பொறியைப் பன்மடங்கு விரைவாக்கும்” என்ற விளம்பரத்துடன் சில மென்பொருள்கள் ஆண்டுச் சந்தாவுக்கு விற்கப்படுகின்றன. இவற்றை வாங்குதல் தகுமா என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

டிரைவரின் வேலை யாது?

ஹார்ட் டிஸ்க் என்னும் சுழல்வட்டை நூல் கிடங்குக்கு ஒப்பிடலாம். பிராசஸர் நெசவாளி, ரேம் என்னும் நினைவகம் அவர் கைக்கெட்டும் கூடை. கூடையில் இல்லாத நூல் வேண்டுமாயின் கிடங்குக்குச் சீட்டு அனுப்ப வேண்டும். அச்சீட்டைக் கிடங்குக்காரருக்கு விளங்கும் முறையில் எழுதும் குமாஸ்தாவே டிரைவர். அதாவது, விண்டோஸ் போன்ற இயங்குதளம் இடும் கட்டளையை வட்டு ஏற்கும் வடிவில் மாற்றிக் கொடுக்கும் நிரலாகும் அது. கிடங்குக்குள் நடந்து சென்று நூலை எடுத்து வருவது குமாஸ்தாவின் வேலையன்று.

கணக்கிட்டுக் காண்போம்

மேஜைக் கணிப்பொறியின் வட்டு பெரும்பாலும் நிமிஷத்திற்கு 7,200 முறை சுழல்வது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் முனையின் கீழ் வந்து சேரச் சராசரி அரைச் சுற்று, அதாவது சுமார் 4 மில்லி விநாடி. முனையைத் தாங்கும் கை உரிய தடத்திற்கு நகர ஏறக்குறைய 9 மில்லி விநாடி. ஆக, வெவ்வேறிடத்திலுள்ள ஒவ்வொரு துணுக்கையும் படிக்க 13 மில்லி விநாடி ஆகிறது.

கணக்கு மென்பொருளைத் திறக்க 4,000 துணுக்குகளைப் படிக்க வேண்டுமென்று கொள்வோம். வட்டுக்கு ஆகும் காலம் 52 விநாடி. டிரைவர் ஒரு சீட்டுக்கு 50 மைக்ரோ விநாடி எடுத்துக்கொள்வதாக வைத்தாலும் மொத்தம் 0.2 விநாடியே. டிரைவரின் காலத்தை அறவே ஒழித்தாலும் மிச்சமாவது அந்த 0.2 விநாடிதான்! மாறாக, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. வட்டு ஒரு துணுக்கைச் சுமார் 0.1 மில்லி விநாடியில் தந்துவிடும். 4,000 துணுக்குகளுக்கு 0.4 விநாடி. பாவு அறுந்து நிற்கும் தறியில் நாடாவை மாற்றிப் பயனில்லை.

டிரைவர் பயன் தரும் சந்தர்ப்பங்கள்

நிற்க. டிரைவரால் ஒருபோதும் பயனில்லை என்று கூறுதலும் உண்மையாகாது. 2001-ல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி, வட்டுடன் நடக்கும் பரிமாற்றத்தில் பிழைகள் பலமுறை நேர்ந்தால், டி.எம்.ஏ. என்னும் நேர்வழியை விடுத்துப் பி.ஐ.ஓ. என்னும் பழைய வழிக்கு இறங்கிவிடும். அவ்வழியில் ஒவ்வொரு சுமையையும் பிராசஸரே தூக்க வேண்டும், விநாடிக்கு 16.7 மெகாபைட்டுக்கு மேல் செல்லாது. அங்கே டிரைவரைச் சீர்செய்தவர்கள் பெரும் விரைவைக் கண்டனர்.

அவ்வாறே, மதர்போர்டு அமைப்பில் வட்டு பழைய ஐ.டி.இ. முறையில் விடப்பட்டிருப்பின், சீட்டுகள் ஒவ்வொன்றாகவே செல்லும். ஏ.எச்.சி.ஐ. முறையில் 32 சீட்டுகள் வரை ஒருங்கே பெற்று, நடை குறையும்படி வரிசைப்படுத்திக்கொள்ள வட்டுக்கு இயலும். ஆயினும் இதற்கான டிரைவர் 2007-ல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு இயங்குதளத்துடனேயே வருகிறது. அதற்கெனத் தனியே விலை கொடுக்க வேண்டியதில்லை. இவ்விரு சந்தர்ப்பங்களிலும் டிரைவர் வட்டுக்கு இயல்பாக உரிய விரைவைத் தடை நீக்கித் தருகிறது. அதற்கு மேற்பட்ட விரைவைத் தருவதில்லை.

இழப்புக்குரிய வழிகள்

பொருந்தாத வட்டு டிரைவரை ஏற்றினால் கணிப்பொறி தொடங்காமலே நின்றுவிடக் கூடும். ஐ.டி.இ. முறையிலிருந்து ஆயத்தமின்றி ஏ.எச்.சி.ஐ. முறைக்கு மாற்றுவதிலும் இவ்வபாயம் உண்டு. மற்றும் சில மென்பொருள்கள், எழுத வேண்டியதை ரேமிலேயே நிறுத்தி வைத்து, “எழுதியாயிற்று” என்று முன்னதாகவே அறிவித்து விரைவு காட்டும். அவ்வேளையில் மின்சாரம் நின்றால் ரேமில் உள்ளது அழிந்துபோகும். ஓர் அங்கத்தினர் தவணையைச் செலுத்தி ரசீதும் பெற்றிருப்பார். பேரேட்டில் அவ்வரவு இராது. சில விநாடி மிச்சத்திற்காகச் சங்கத்தின் நாணயத்தைப் பணயம் வைத்தல் தகாது.

செய்யத்தக்க முறை

1. எதற்கும் முன்னர்க் கணக்குகளை வேறொரு வட்டில் பிரதி எடுத்து, அப்பிரதி திறக்கிறதா என்றும் பார்க்கவும்.

2. கணிப்பொறி மந்தமாயிருக்கும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறக்கவும். பிராசஸர் சும்மாயிருக்க, டிஸ்க் 100 சதவீதத்தை ஒட்டி நிற்குமாயின் குறை பெரும்பாலும் வட்டின் பக்கத்தது. ரேமும் நிரம்பியிருந்தால், இடம் போதாமையால் இயங்குதளம் வட்டையே கூடையாகப் பயன்படுத்துகிறது என்று அறியலாம். அப்போது ரேமைக் கூட்டுதல் முதல் மருந்து.

3. வட்டின் எஸ்.எம்.ஏ.ஆர்.டி. குறிப்பில் பழுதுபட்ட பகுதிகள் பெருகி வருமாயின் வட்டையே மாற்றுக. பழுதான வட்டு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்வதால் மந்தம் உண்டாகிறது.

4. டிரைவர் வேண்டுமாயின் விண்டோஸ் அப்டேட் வழியாகவோ, கணிப்பொறியைச் செய்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தோ இலவசமாகப் பெறுக.

5. வட்டு நலமாயிருந்தும் மந்தம் நீங்காவிடில், எஸ்.எஸ்.டி. வாங்குவதற்கு முறைப்படி விலைப்புள்ளிகள் கோரித் தீர்மானம் நிறைவேற்றுக. செலவுக்கு முன்னும் பின்னும், கணக்கு மென்பொருள் திறக்க ஆகும் விநாடிகளைக் கடிகாரம் கொண்டு அளந்து நடவடிக்கைப் புத்தகத்தில் குறித்து வைத்தல் நன்று. செலவு பயன் தந்ததா என்பதற்கு மகாசபையில் அதுவே சான்றாகும்.

படிப்பு வட்டத்தில் விவாதிப்பதற்குரிய வினாக்கள்

அ. நிமிஷத்திற்கு 5,400 முறை சுழலும் வட்டில் சராசரி அரைச் சுற்றுக்கு எத்தனை மில்லி விநாடி ஆகும்?

ஆ. நமது சங்கத்தில் கணக்கின் பிரதி கடைசியாக எடுக்கப்பட்டது எந்நாள்? அப்பிரதி யாருடைய பொறுப்பில், எங்கே உள்ளது?

இ. சென்ற ஆண்டில் மென்பொருள் சந்தாவுக்கென நமது சங்கம் செலவிட்ட தொகை எவ்வளவு? அதன் பயன் அளந்து பார்க்கப்பட்டதா?