எஞ்சின் சங்கிலியும் அதனை மாற்றுங் காலமும்

மோட்டார் வண்டியில் ஏறிச் செல்வோர் பலர். அதனைச் செலுத்துவோரும் பலர். ஆயினும் அதன் முகப்பு மூடியினுள்ளே நிகழ்வது யாதென உணர்ந்தோர் மிகச் சிலரே. தமிழ் பயிலும் மாணவராகிய யாம் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுந்தமை நண்பர் சிலர்க்கு நகை விளைத்தலுங் கூடும். அன்னோர் பொறுத்தருள்க. எமது சிறிய தந்தையார் திருநெல்வேலிப் பக்கத்தில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். எம் கல்லூரிச் சம்பளத்தில் ஒரு பங்கு அக்காரின் வருவாயினின்றும் வருவதாம். அக்கார் ஒருநாள் நெடுஞ்சாலை நடுவே நின்றுபோயிற்று. நின்றதற்குக் காரணம், பல திங்களுக்கு முன்னரே தன் தளர்ச்சியை வாய்விட்டு அறிவித்த ஒரு சங்கிலியே. அன்று யாங்கள் கற்ற பாடத்தை ஏனையோர் அவ்வளவு விலை கொடாமலே கற்றல் நன்றெனக் கருதி இக்கட்டுரையை வரையலாயினேம்.

சங்கிலியின் தொழில்

1876 ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு நிக்கோலாஸ் ஓட்டோ என்பார் இயக்கிக் காட்டிய நான்கு வீச்சு எஞ்சினின் முறையே இன்றும் பெரும்பாலான கார்களில் நின்று நிலவுகின்றது. காற்றை உள்ளிழுத்தல், அதனை அழுத்துதல், எரிந்து விரிதல், புகையை வெளிப்படுத்தல் என்னும் நான்கு தொழிலும் முடிதற்குள், பிஸ்டன்கள் சுழற்றுங் கிராங்க் தண்டு இருமுறை சுழலும். அந்நான்கு தொழிற்கும் ஏற்ப வால்வுகளைத் திறந்து மூடுவதாகிய கேம் தண்டு ஒருமுறையே சுழலும். கீழ்த்தண்டு இருமுறை சுழல மேல்தண்டு ஒருமுறை சுழலுமாறு இரண்டனையும் பிணித்து வைப்பதே சங்கிலியின் தொழிலாம். தொழிற்கூடத்தார் இதனை டைமிங் செயின் என்பர். யாம் ஈண்டுச் சங்கிலி என்றே வழங்குவேம்.

எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்றுச் சுழலுமாயின், கேம் தண்டு 1500 சுற்றுச் சுழலும். எனவே ஒவ்வொரு வால்வும் ஒரு நொடியில் இருபத்தைந்து முறை திறந்து மூடுதல் வேண்டும். இவ்விரைவிற் பிஸ்டன் மேலே வருங்காலும் வால்வு கீழே இறங்குங்காலும் ஒன்றோடொன்று மோதாதிருத்தல், அவ்விரண்டும் தத்தம் முறை தவறாமையாலன்றிப் பிறிதொன்றாலன்று. இற்றை நாள் எஞ்சின்கள் பலவற்றில் இரண்டும் இயங்கும் இடம் ஒன்றே, காலமே வேறு. சங்கிலி பற்சக்கரத்தின்மேல் நழுவித் தாவுமாயின் அக்காலம் பிறழும். முப்பத்தாறு பற்களையுடைய கேம் சக்கரத்தில் ஒரு பல் தாவுமாயின் கேம் தண்டு 10 பாகையும், அதற்கீடாகக் கிராங்க் கணக்கில் 20 பாகையும் பிறழ்ந்துபோம். ஒரு பல் தாவின் எஞ்சின் தடுமாறும். மேலும் சில தாவின் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும்.

டென்ஷனரும் கைடுகளும்

சங்கிலி தனித்து ஓடுவதன்று. அது துள்ளாதவாறு இருமருங்கும் கைடு எனப்படும் வளைந்த பட்டைகள் தாங்கி நிற்கும். அவற்றின் முகத்தில் நைலான் போன்ற பொருள் பதிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்று அசையாது நிற்பது, மற்றொன்று அசைவது. அசைவதனைப் பின்னின்று தள்ளிச் சங்கிலியை இறுக்கமாக வைத்திருப்பது டென்ஷனர் என்னும் சிறு கருவி. அதனுள் ஒரு வில்லும் ஒரு தண்டும் உள. எஞ்சின் ஓடும்பொழுது எண்ணெயின் அழுத்தமே அத்தண்டினை வெளியே தள்ளுகின்றது. எஞ்சின் நின்றபின் அவ்வழுத்தம் இல்லையாதலின், பல டென்ஷனர்களில் தண்டு பின்வாங்காதவாறு பற்களும் அமைக்கப்பட்டுள.

இதனால் அறியக் கிடப்பது யாதெனின், சங்கிலியின் நலம் எண்ணெயின் நலத்தைச் சார்ந்தது என்பதாம். எண்ணெயே சங்கிலிக்கு மசகு. எண்ணெயே டென்ஷனர்க்கு வலிமை. எண்ணெய் குறையினும், கறுத்துத் தடிப்பினும், அவ்வெஞ்சினுக்குரிய தரத்ததன்றிப் பிறிதாயினும் கேடு முதலில் இவ்விடத்தே தோன்றும்.

சங்கிலி நீளுதல்

சங்கிலி நீண்டுவிட்டது என்று மெக்கானிக்குகள் கூறக் கேட்கின்றோம். இரும்பு இழுபட்டு நீண்டதென்று பொருள் கொள்ளற்க. சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் ஓர் ஊசியும் அதனைச் சூழ்ந்த குழலும் உள. அவை உராய்ந்து தேய்தலால் ஒவ்வொரு கணுவும் சிறிது நெகிழ்கின்றது. 150 கணுக்களையுடைய சங்கிலி ஒன்று கொள்வோம். கணுவொன்றுக்கு 0.02 மில்லிமீட்டர் தேயினும், அஃதாவது ஒரு மயிரிழையின் பருமனிலும் குறைவாகத் தேயினும், முழுச் சங்கிலியும் 3 மில்லிமீட்டர் நீளுமன்றோ? அந்நீட்சியை டென்ஷனர் தன் தண்டை நீட்டிச் சிறிது காலம் மறைத்து வைக்கும். தண்டு தன் எல்லையை எய்தியபின் மறைத்தல் இயலாது.

எண்ணெயிற் கலந்த புகைக்கரி அரம்போல் நின்று இத்தேய்வை விரைவுபடுத்தும். டீசல் எஞ்சின்களிலும், பெட்ரோலை நேரே உருளையினுட் பீய்ச்சும் எஞ்சின்களிலும் இக்கரி மிகுதியாம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட 3.6 லிட்டர் எஞ்சின்கள் சிலவற்றிற் சங்கிலி முன்னதாகவே தேய்ந்தது கண்டு, எண்ணெய் மாற்றும் நாளைக் கணிக்கும் மென்பொருளைத் திருத்தி, அவ்விடைவெளியை அந்நிறுவனத்தாரே குறைத்தனர். நோயின் வேர் எங்குளது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நாள் குறித்து மாற்றலாகாதோ?

ஈண்டு ஓர் ஐயம் எழும். இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என வரையறுத்து மாற்றிவிடலாகாதோ என்பது அது. ரப்பர் வாரையுடைய எஞ்சின்களுக்கு அங்ஙனமே வரையறை உண்டு. 1962 இல் ஜெர்மனியில் கிளாஸ் 1004 என்னுங் காரின்கண் பற்களையுடைய ரப்பர் வார் முதன்முதற் பெருவாரியாக வழக்கிற்கு வந்தது. வார் முதுமையால் வெடித்து, முன்னறிவிப்பின்றியே அறுதலுங் கூடும்; ஆதலின் அதனை ஆண்டும் தொலைவும் எண்ணி மாற்றுதல் முறையாயிற்று. சங்கிலியோ, 1880 இல் மான்செஸ்டர் நகரத்து ஹான்ஸ் ரெனால்டு என்பார் அமைத்த உருளைச் சங்கிலியின் வழித்தோன்றல், எஃகினால் ஆயது, எண்ணெயில் நனைந்தே ஓடுவது. எனவே பல நிறுவனத்தார் அதற்கு நாள் குறித்திலர்; எஞ்சினுள்ளளவும் அஃது உளதாகும் என்றனர்.

அக்கூற்று முழுதும் பொய்யன்று. காலந்தவறாது எண்ணெய் மாற்றப்பட்ட எஞ்சின்களில் இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேலும் முதற் சங்கிலியே ஓடுதலைக் காண்கின்றோம். அது முழுதும் மெய்யுமன்று. போக்ஸ்வாகன் நிறுவனத்தார் தம் 1.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சினிற் சங்கிலி வைத்திருந்து, 2012 இல் வந்த புதிய வரிசையில் மீண்டும் வாருக்கே திரும்பினர். பி.எம்.டபிள்யூ நிறுவனத்தார் 2007 இல் வெளியிட்ட என்47 என்னும் டீசல் எஞ்சினிற் சங்கிலி பின்புறத்தே, கியர் பெட்டியின் பக்கலில் அமைந்தது. அங்குள்ள சங்கிலி தேய்ந்தபொழுது எஞ்சினையோ கியர் பெட்டியையோ இறக்கினாலன்றி அதனை அணுகல் அரிதாயிற்று. ஆகவே சங்கிலியின் ஆயுளைக் கிலோமீட்டர் எண் சொல்லாது. அதனைச் சொல்லுவன அடையாளங்களே.

அடையாளங்கள்

முதலாவது, ஒலி. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் முடுக்கியவுடன், எண்ணெய் அழுத்தம் ஏறுமுன், ஒன்றிரண்டு நொடி கலகலவென்றோ கடகடவென்றோ எஞ்சினின் சங்கிலிப் பக்கத்தினின்று எழும் ஒலியே பெரும்பாலும் முதல் தூதாம். பின்னர் அது தானே அடங்கும். அடங்குதலாலேயே அது நம்மை ஏமாற்றுகின்றது. ஒலி நீடிப்பினும், சூடேறிய பின்னரும் கேட்பினும் ஒருநாளும் தாழ்த்தலாகாது.

இரண்டாவது, செக் எஞ்சின் விளக்கு. கிராங்க், கேம் என்னும் இரண்டின் நிலையும் தம்முள் ஒவ்வாதாயின், ஸ்கேனர் பி0016, பி0017, பி0008 முதலிய குறிகளைக் காட்டும். ஆயின் சென்சார் பழுதினாலும், வால்வுக் காலத்தை மாற்றும் சோலனாய்டு அடைபட்டதனாலும் இக்குறிகளிற் சில தோன்றுமாதலின், குறி கண்டவுடன் எஞ்சினைப் பிரித்தல் அறிவுடைமையன்று.

மூன்றாவது, வடித்த எண்ணெய். அதில் நைலான் துணுக்குகளோ மின்னும் இரும்புப் பொடியோ காணின், கைடு உடைந்தோ சங்கிலி தேய்ந்தோ உள்ளதெனக் கொள்ளலாம். அத்துணுக்குகள் எண்ணெய்ச் சல்லடையை அடைத்து, எஞ்சின் முழுதையும் எண்ணெயின்றி வாட்டுதலும் உண்டு.

நான்காவது, தொடங்குதற்கு அருமையும், நின்றோடுங்கால் நடுக்கமும், இழுவைக் குறைவுமாம். இவை பிற காரணங்களாலும் வருவனவாதலின், முன்னைய மூன்றனோடு சேர்ந்துழியே சான்றாகும்.

ஒலி வந்தவிடத்து மெக்கானிக் முதற்கண் எண்ணெயின் அளவும் தரமும் பார்த்தல் வேண்டும். பின்னர் வால்வு மூடியைக் கழற்றியோ, சிறு காமிராவைச் செலுத்தியோ, டென்ஷனரின் தண்டு எவ்வளவு வெளிவந்துள்ளது என்பதையும் கைடுகளின் நிலையையும் நோக்குதல் வேண்டும். தளர்ந்த வெப்பத் தகடும் டப்பெட்டும் கூட இத்தகைய ஒலி செய்யுமாதலின், அளந்தறியாது மாற்றுதலும், அறிந்தபின் மாற்றாதிருத்தலும் ஒப்பக் குற்றமே.

எவற்றை மாற்றுதல்?

சங்கிலி தேய்ந்ததெனத் துணிந்தபின், அதனை மட்டும் மாற்றிப் பொருள் மிச்சம் பிடித்தல் பிழை. சங்கிலி, டென்ஷனர், கைடுகள், தேய்ந்திருப்பின் பற்சக்கரங்கள் ஆகியவற்றை ஒருசேர மாற்றுதலே முறை. தேய்ந்த பல்லின்மேல் ஓடும் புதுச் சங்கிலி விரைவிற் பழஞ்சங்கிலியாம். கூலியிற் பெரும்பகுதி பிரித்துக் கோத்தற்கே ஆவதாதலின், சிறு பொருளுக்காக அதனை மீண்டும் ஒருமுறை கொடுக்க நேரும். சங்கிலி புதியதாய், டென்ஷனர் ஒன்றே பழுதென அளவையால் தெளிந்தவிடத்து மட்டும் அதனைத் தனியே மாற்றலாம்.

கோக்குங்கால் கிராங்க், கேம் தண்டுகளை அவ்வெஞ்சினுக்குரிய கருவிகளாற் பூட்டுதல் வேண்டும். ஒருமுறையே பயன்படற்குரிய போல்ட்டுகளைப் புதியனவாக இடுதல் வேண்டும். முடிந்தபின், சாவியைத் திருப்புமுன், கிராங்க் தண்டைக் கையாலே இரண்டு முழுச்சுற்றுச் சுழற்றி, பூட்டுக் கருவிகள் மீண்டும் பொருந்துகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். எங்கேனும் தடை தோன்றின் வலிந்து திருப்பலாகாது. இவ்வொரு செயல் எஞ்சினின் உயிரைக் காப்பது.

எங்கள் பாடம்

எம் சிறிய தந்தையாரின் காரில் அக்காலை ஒலி பல திங்கள் கேட்டது. யாமும் கேட்டிருக்கின்றேம். பழைய வண்டி அப்படித்தான் இருமும், சூடேறினால் சரியாகிவிடும் என்பார் அவர். மெக்கானிக் ஒருவர் திறந்து பார்க்கவேண்டும் என்று சொன்னதுண்டு. இரண்டு நாள் வண்டி நின்றால் வருவாய் போகுமே என்றும், கிறிஸ்துமஸ் பயணங்கள் முடியட்டும் என்றும் தள்ளிப்போட்டார். பயணங்கள் முடியுமுன் சங்கிலி முடிந்தது. கலியாணத்திற்குச் சென்றோரை வழியில் இறக்கிவிட்டு, கயிறு கட்டி இழுத்துவந்த காரைத் திறந்தபொழுது, வளைந்த வால்வுகளை மேசைமேல் வரிசையாக வைத்து, “அண்ணாச்சி, இந்தச் சத்தத்தோடா இத்தனை நாள் ஓட்டினீர்கள்?” என்றார் அம்மெக்கானிக். சிறிய தந்தையார் ஒன்றும் சொன்னாரில்லை. இரண்டு நாளுக்கு அஞ்சியவர்க்கு ஆறு வாரம் வண்டி நின்றது. அப்பருவத்திற்குரிய எம் சம்பளத்தை அவர் கடன் வாங்கியே கட்டினார்.

யாப்பிலக்கணத்திற் சீரும் சீரும் கூடும் இடத்தைத் தளை என்கின்றோம். தளை என்பதற்குப் பிணிக்குங் கட்டு என்பதும் பொருளாம். சொற்கள் அனைத்தும் நல்லனவாயிருந்தும் ஓரிடத்துத் தளை தட்டின் வெண்பா கெடுகின்றது. அதுபோலப் பிஸ்டனும் வால்வும் பழுதற்றிருந்தும் இடைநின்ற கட்டுத் தளரின் எஞ்சின் கெடுகின்றது. தளை தட்டுதலை ஓதுங்காற் செவி உணர்த்தும். எஞ்சினுக்கும் அச்செவியே வேண்டும்.

ஆதலின் வண்டியுடையோர் எண்ணெயை ஏட்டிற் குறித்த நாளுக்குப் பிந்தாது, கடும் உழைப்புடைய வண்டியாயின் அதனினும் முந்தி மாற்றுக. காலையில் முடுக்கும்பொழுது பாட்டுப் பெட்டியைத் திறவாமல் முதல் இரண்டு நொடி செவி கொடுக்க. ஒலி கேட்பின் அவ்வாரத்திலேயே அளந்து பார்ப்பிக்க. வெள்ளம் வருமுன் அணை கோலுதல் ஒன்றே குறைந்த செலவு. எம் சிறிய தந்தையார் இப்பொழுது சாவியைத் திருப்பியவுடன் எவர் பேசினும் கையமர்த்தி வாளா இருக்கின்றார். அவ்விரண்டு நொடிக்குள் யாமும் பேசுவதில்லை.