உடைந்த பீங்கானில் ஒரு பூந்தொட்டி

சண்டிகரில் சாலை மேற்பார்வையாளராக உத்தியோகம் பார்த்த நேக் சந்த், உடைந்த வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் பிறர் அறியாமல் சேகரித்துச் சிருஷ்டித்த சிற்பங்களே, 1976-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பாறைத் தோட்டமாக இன்றும் ஜனங்களை வசீகரிக்கின்றன. அக்கலையை மலேசியாவின் பட்டர்வொர்த் நகரில் நம் வீட்டு வாசலிலும் சிறிய அளவில் செய்து பார்க்கலாம்.

விளிம்பு உடைந்த கோப்பைகளைச் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் மெல்லத் தட்டி (கையுறையும் கண்ணுக்குக் காப்பும் அவசியம்), ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் சேர்த்த கலவையை, நீரில் நனைத்த மண்தொட்டியின்மேல் அரை விரற்கடை கனத்துக்குப் பூசி, துண்டுகளை வண்ணம் பார்த்துப் பதித்து, கலவை இறுகத் தொடங்கும் தருணத்தில் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்; தாமதித்தால் சிமெண்டுப் படலம் நிறங்களை மறைத்துவிடும். பின்னர் ஒரு வாரம் ஈரச்சாக்கு போர்த்தி நிழலில் வைப்பது உத்தமம். அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தால் வெடிப்பு காணும்.

காலியான மைலோ பானத்தூள் டின்னில் சித்திரம் தீட்டிச் செடி வைப்போர், கடற்காற்றில் துருவேறாதிருக்க முதலில் உப்புத்தாளால் தேய்த்துத் துருத்தடுப்புச் சாயம் அடிப்பதோடு, அடியில் நாலைந்து துளைகள் இடவும் மறக்கலாகாது. அடைமழை பெய்யும் இவ்வூரில், தேங்கும் ஒரு கரண்டி நீரே டிங்கிக் கொசு முட்டையிடப் போதுமானது. செடி வைக்கும் பழைய டயர்களிலும் நீர் தேங்காதபடி துளைகள் இட வேண்டும்.