பொக்ஸை இறக்க முதல் சொக்கெட்டைக் கழற்றுங்கள்

‘எல்’லில் போட்டால் என் கே.டி.எச். வான் நன்றாக இழுத்தது. ‘டி’யில் போட்டால்தான் சோம்பல், டொப் கியரில் வெளிக்கிட்டதுபோல முனகிக்கொண்டு உருளும். டாஷ்போர்டில் ஓ.டி. ஓஃப் லைட் விட்டுவிட்டு மின்னியது. மூன்றையும் கராஜில் சொன்னேன். ஸ்கானரும் போடவில்லை, ஒயில் கம்பியையும் இழுத்துப் பார்க்கவில்லை. “அண்ணை, பிளேட் எல்லாம் எரிஞ்சுபோச்சு. கியர்பொக்ஸ் மாத்தாமல் சரிவராது.” அப்ப லைட் ஏன் மின்னுது என்று கேட்டேன். “அது சும்மா மின்னும், பல்பைக் கழட்டி விடுறன்” என்றார். கழற்றியும் விட்டார்.

பஞ்சிகாவத்தையில் இருந்து பாவித்த பொக்ஸ் ஒன்று லொறியில் வந்தது. இறக்கினார்கள், ஏற்றினார்கள், ஒயில் விட்டார்கள், காசை எண்ணி வாங்கினார்கள். வல்லை வெளியில் ஓட்டிப் பார்த்தேன். ‘எல்’லில் இழுத்தது. ‘டி’யில் அதே முனகல்.

ஏன் ஓம் பட்டாய் என்று மச்சான் இன்றைக்கும் கேட்கிறார். அவருக்கு மாதச் சம்பளம். கட்டுநாயக்கா ஹயரை நம்பிச் சீவிக்கிறவனுக்கு, அதுவும் நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாக்காரர் வந்திறங்கும் நேரத்தில், வான் முற்றத்தில் நின்றால் அடுப்பும் நிற்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபிறகு பழைய கே.டி.எச்சே கோடியைத் தொட்டிருந்தது. விற்றுவிட்டு வேறொன்று எடுக்கிற கதைக்கும் இடமிருக்கவில்லை. என் நிலையில் அவர் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

நெல்லியடியில் ஒரு வயரிங்காரப் பெடியன்தான் கடைசியில் விளங்கப்படுத்தினான். ‘டி’யிலும் ‘எல்’லிலும் முதலாம் கியரைப் பிடிப்பது ஒரே கிளச். அதன் பிளேட் எரிந்திருந்தால் ‘எல்’லிலும் வழுக்கியிருக்கவேண்டும். இந்த நாலு கியர் டொயோட்டா பொக்ஸில் கியரை மாற்றுவது இரண்டு சொலினொயிட். இரண்டுக்கும் கரண்ட் போகாவிட்டால் பொக்ஸ் தன்பாட்டில் ‘டி’யில் நாலாம் கியரையும், ‘2’இல் மூன்றாம் கியரையும், ‘எல்’லில் முதலாம் கியரையும் பிடித்துக்கொள்ளும். றோட்டில் நிற்காமல் வீடு போய்ச் சேரட்டும் என்று ஜப்பான்காரன் செய்த ஏற்பாடு அது. நான் கராஜில் சொன்னதும் அதேதான்.

ஆகவே பொக்ஸில் கைவைக்க முதல், அதற்குள் போகும் வயர் சொக்கெட்டைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். ‘எல்’, ‘2’, ‘டி’ என்று நீங்களே மாற்ற மூன்று கியரும் வழுக்காமல் விழுந்தால், வயரும் சொலினொயிட்டும் பார்த்து முடியும்வரை பொக்ஸை இறக்க விடாதீர்கள். அடுத்தது மல்டிமீற்றர்: சொலினொயிட் ஒன்றுக்கு 11 முதல் 15 ஓம் வரை காட்டவேண்டும். எனக்கு அது சரியாகக் காட்டியது. பிழை வயரில்.

பெடியன் வயர்க்கட்டின் உறையைக் கத்தியால் கீறினான். செம்பு இருக்கவேண்டிய இடத்தில் பச்சைத் தூள். தொட்டதும் விரலில் ஒட்டியது. 2022இல் கியூ.ஆர். கோட்டுக்கு டீசல் வாங்கிய காலத்தில் வான் மாமரத்தடியிலேயே கிடந்தது. எலி உறையைக் கடித்திருக்கிறது. மிச்சத்தைப் பருத்தித்துறை உப்புக்காற்று பார்த்துக்கொண்டது. அந்தத் துண்டை வெட்டிப் புது வயர் வைத்து ஈயம் ஒட்டியதற்கு அவன் வாங்கிய காசு, பொக்ஸ் வந்த லொறிக் கூலிக்கும் காணாது. பல்பையும் திரும்பப் போட்டுவிட்டான்.

பொக்ஸ் ஒயில் பார்ப்பது சின்ன வேலை. என்ஜின் நல்ல சூட்டில், சமதரையில், ஸ்ராட்டில் வைத்து, எல்லாக் கியரிலும் ஒருக்கால் போட்டு ‘பி’க்குக் கொண்டுவந்து கம்பியை இழுங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பாக இருந்தால் சரி. கறுத்து, எரிந்த மணம் வந்தால்தான் பிளேட்டைப் பற்றிக் கதைக்கலாம்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் மொறிஸ் மைனரை மண்ணெண்ணெயில் ஓட்டிக்காட்டியவர்கள் எங்கள் மெக்கானிக்மார். அந்தக் கைக்குக் கும்பிடு. ஆனால் அந்தப் பேரை வைத்துக்கொண்டு ஓட்டோ பொக்ஸுக்குக் குறிசொல்ல வெளிக்கிடக்கூடாது.

கழற்றிய பொக்ஸை அன்றைக்கே உங்கள் வீட்டுக்கு ஏற்றிவிடுங்கள். நான் போய்க் கேட்டபோது “இரும்புக்குப் போட்டாச்சு” என்றார்கள். பிழையே இல்லாத பொக்ஸ் எந்த இரும்புக்கடைக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? பஞ்சிகாவத்தைப் பொக்ஸ் யாழ்ப்பாணத்துத் தட்டை றோட்டில் இதுவரை குறை வைக்கவில்லை. நுவரெலியா ஹயர் கேட்டு வருகிறவர்களை மட்டும் வேறு வானுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.