முதல் டெமோவை அழிக்காதே

வீரபாண்டித் தம்பிக்கு,

2011 நவம்பர் 16-ஆம் தேதி 'ஒய் திஸ் கொலவெறி டி' யூடியூபில் வெளியானபோது அனிருத்துக்கு 21 வயது. அவர் இசையில் அதுவரை ஒரு படம்கூட வந்திருக்கவில்லை. ஐஸ்வர்யா இயக்கிய '3' படத்துக்குக் காதல் தோல்விப் பாட்டு ஒன்று தேவைப்பட்டது. ஆனால் அழுது வடியக் கூடாது. மெட்டு சில நிமிடங்களில் அமைந்தது, தனுஷ் அரை மணிக்குள் வரிகளைப் பாடிவிட்டார் என்று பிற்பாடு பேட்டிகளில் சொன்னார்கள். இதைப் படித்துவிட்டு, ஹிட் பாட்டு என்றால் அரை மணி நேர வேலை என்று நம்பி உட்கார்ந்திருக்கிற பையன்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அரை மணியில் வந்தது டெமோ மட்டும்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்கு உதவும். அதிகாரபூர்வமாக வெளியாகும் முன்பே பாட்டின் கச்சா வடிவம் இணையத்தில் கசிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் போலீஸில் புகார் கொடுத்து, அழுது, தேதியைத் தள்ளிப்போட்டிருப்பார்கள். இவர்கள் பாட்டை முடித்து, ஒலிப்பதிவுக் கூடத்திலேயே எடுத்த வீடியோவோடு சோனி மியூசிக் மூலம் வெளியிட்டார்கள். ஏ.எம். ஸ்டுடியோவில் தனுஷ் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நிற்கிறார். அனிருத், ஐஸ்வர்யா, ஸ்ருதி ஹாசன் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டு லொக்கேஷன் இல்லை, குரூப் டான்ஸ் இல்லை. இசையில் உருமி இருக்கிறது, நாதஸ்வரம் இருக்கிறது, சாக்ஸபோன் இருக்கிறது. எல்லாம் ஒழுங்காக மிக்ஸ் ஆகியிருக்கிறது. குரல் மட்டும் நண்பர்கள் நடுவே பாடுகிற மாதிரியே இருக்கிறது. வரிகளுக்கு நடுவே வாத்தியக்காரர்களிடம் பேசுவது போன்ற பேச்சுகூட அப்படியே இருக்கிறது. கவனமான ஒரு இசையமைப்பாளர் முதலில் வெட்டி எறிந்திருக்கக்கூடியது அந்தப் பேச்சைத்தான். அதை வெட்டாமல் விட்டதால்தான் தமிழ் தெரியாதவர்களும் அந்தப் பாட்டுக்குள் நுழைந்தார்கள். படம் 2012 மார்ச் 30-ல் வந்தது. பாட்டு போன தூரம் படம் போகவில்லை.

பனியன் கம்பெனியில் வேலை செய்கிற உனக்கு இதை விளக்குவது சுலபம். பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளுக்கு சீல் வைத்து, டேக் கட்டி, மெர்ச்சண்டைசர் அலமாரியில் தொங்கவிடுவார்கள். ஆயிரக்கணக்கில் பீஸ் ஓடி முடிந்து பெட்டி கட்டும் வரைக்கும் அந்த ஒரு பீஸ்தான் நீதிபதி. கலர் மாறியிருக்கிறதா, காலர் அகலம் கூடிவிட்டதா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். பாட்டுக்கு அந்த சாம்பிள் உன் முதல் போன் பதிவு.

நீ அனுப்பிய இரண்டு ஃபைல்களில் பழையதில் இரைச்சல் அதிகம். பின்னால் பைக் போகிறது, யாரோ பாத்திரம் வைக்கிறார்கள். ஆனால் பல்லவி இரண்டாம் முறை திரும்பும் இடத்தில் உன் கூட்டாளியின் துடும்பு அரை மூச்சு தாமதமாக இறங்குகிறது. அந்தத் தாமதத்தில்தான் கேட்கிறவனுக்குக் கால் எழும்புகிறது. புதிய மிக்ஸில் அதே அடியைக் கம்ப்யூட்டரில் குவான்டைஸ் செய்து, கட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார வைத்துவிட்டாய். சுத்தம் வந்துவிட்டது, ஆட்டம் போய்விட்டது. போதாக்குறைக்குத் துடும்பின் மேலேயே வாங்கிய லூப் ஒன்றைப் போட்டு மூடியிருக்கிறாய். கொங்கு நாட்டுக்கு வெளியே அதிகம் கேட்காத வாத்தியம் ஒன்று கைவசம் இருக்க, உலகம் முழுக்கக் கிடைக்கிற லூப் எதற்குக் கண்ணு?

பாட்டின் உயிர் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதற்குச் சட்டம் கிடையாது. கோடம்பாக்கத்தில் மெட்டைத் தத்தகாரமாகப் பாடிக் கவிஞரிடம் கொடுப்பது பழைய வழக்கம். 'தன்னானே' இடத்தில் பிறகு சொல் வந்து உட்காரும். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 'யெஸ்டர்டே' மெட்டுக்குச் சொல் கிடைக்காமல் வெகுநாள் முட்டைப் பொரியலைப் பற்றிய டம்மி வரியை வைத்துப் பாடிக்கொண்டிருந்தார். டெமோ என்ற பேச்சே இல்லாத காலத்தில், 'அன்னக்கிளி' வாய்ப்புக்கு முன்னால், இளையராஜா பஞ்சு அருணாசலத்தின் எதிரே மேஜையில் தாளம் தட்டித் தன் மெட்டுகளைப் பாடிக்காட்டியது ஊரறிந்த கதை. 1976-ல் அந்தப் படம் வந்தபோது எஸ். ஜானகியின் குரலும் முழு வாத்தியக் குழுவும் சேர்ந்திருந்தன. மேஜைத் தட்டலிலேயே நின்ற மெட்டு என்பதால் வாத்தியங்கள் அதைத் தாங்கிப்பிடிக்க வேண்டியிருக்கவில்லை. உன் பாட்டையும் ஒருமுறை எல்லா டிராக்கையும் அணைத்துவிட்டு வெறும் தட்டலோடு பாடிப் பார். நிற்கவில்லை என்றால் கோளாறு மிக்ஸில் இல்லை. மெட்டுக்கே திரும்பிப் போக வேண்டும்.

அடெல் பாடிய 'சம்ஒன் லைக் யூ' இதில் ஓர் எல்லை. டான் வில்சனோடு உட்கார்ந்து எழுதி, ஒரு பியானோவும் குரலுமாகப் பதிந்த டெமோதான் ஏறக்குறைய அப்படியே 2011-ல் '21' ஆல்பத்தில் வெளியானது. மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' மறு எல்லை. 1981-ல் வீட்டில் பதிந்த அதன் டெமோ பின்னாளில் சிறப்புப் பதிப்பில் வெளிவந்தது; தேடிக் கேள். சொற்கள் பாதி முணுமுணுப்பு. ஆனால் அந்த நடைபோடும் பேஸ் அப்போதே இருக்கிறது. அதன் மேல் குவின்சி ஜோன்ஸ் தயாரிப்பில் டிரம்ஸ், சரங்கள் எல்லாம் ஏறின. ஒலிப்பொறியாளர் புரூஸ் ஸ்வீடியன் சில குரல் பதிவுகளை ஆறடி நீள அட்டைக் குழாய் வழியாகப் பாட வைத்து எடுத்தார். (துணி ரோலுக்குள் வருகிற அட்டைக் குழாய் உங்கள் ஊரில் எத்தனை வேண்டும்!) முன்னிசை நீளம் என்று குவின்சி வெட்டச் சொன்னார், ஆட வைப்பதே அதுதான் என்று ஜாக்சன் விடவில்லை. மிக்ஸ் மட்டும் 91 முறை செய்தார்களாம். கடைசியில் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டுவிட்டு, இரண்டாவது மிக்ஸையே வெளியிட்டதாக ஸ்வீடியன் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது மிக்ஸை யாராவது அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. ஒரே டெமோவை மாதக்கணக்கில் கேட்டால் அதிலுள்ள தப்பும் காதுக்குப் பழகி அழகாகிவிடும். ஸ்டுடியோக்காரர்கள் இதற்கு 'டெமோயிட்டிஸ்' என்று ஒரு நோய்ப் பெயரே வைத்திருக்கிறார்கள். உன் முதல் பதிவில் இரண்டாவது சரணத்தில் ஸ்ருதி விலகுவது அழகு அல்ல, தப்பு. அதைத் தயங்காமல் திருத்து. எது உயிர், எது அழுக்கு என்று உனக்கே சந்தேகம் வந்தால், பாட்டை இதுவரை கேட்காத இருவரிடம் இரண்டு வடிவத்தையும் போட்டுக்காட்டி, முகத்தைப் பார். கருத்துக் கேட்காதே, கேட்டால் எல்லோரும் 'சூப்பர்ங்க' என்பார்கள்.

கேட்கிற இடத்தையும் மனத்தில் வைத்து மிக்ஸ் செய்ய வேண்டும். நீ ஹெட்போனில் முடித்த பாட்டை உன் ஆட்கள் கேட்கப்போவது ஓவர்லாக், பேட்லாக் மெஷின்கள் ஓடுகிற இரைச்சலுக்கு நடுவே, ஒரு சின்ன ஸ்பீக்கரில். பல்லடம் ரோட்டில் போகிற பஸ்ஸில். போன் ஸ்பீக்கர் அடித்தொனியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். கிக் டிரம்மின் அதிர்வு போய், மேலே இருக்கும் 'டக்' என்ற முனை மட்டுமே மிஞ்சும். அந்த முனை இல்லையென்றால் உன் கிக்கே இல்லை. மாஸ்டரிங்கில் ஒலியை ஏற்றி நசுக்குவதாலும் பலன் கம்மி: ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய -14 எல்.யூ.எஃப்.எஸ். என்ற ஒலி அளவுக்குச் சமன் செய்துவிடுகிறது. 30 விநாடி ஓடினால்தான் அங்கே ஒரு கேட்பு என்று கணக்கு. உன் பாட்டைப் பாடுகிற பெண்ணின் குரல் வருவதற்கே அதில் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. ஜாக்சனைக் காட்டி முன்னிசையை நீட்ட உனக்கு இன்னும் காலம் வரவில்லை.

இன்னொரு விஷயம். டெமோவில் பிரபலப் பாடகர் ஒருவரின் குரலைச் செயற்கை நுண்ணறிவில் வரவழைத்துப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தாய். 2024-ல் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில், மறைந்த பம்பா பாக்கியா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரலை ஏ.ஆர். ரஹ்மான் அப்படிப் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அனுமதியும் ஊதியமும் இல்லாமல் அதை உன் வீட்டு அறைக்குள்ளேகூடச் செய்யாதே. டெமோ கசியும், மேலே பார்த்தாயே.

இனி, முதல் பதிவைப் பத்திரப்படுத்த இன்னொரு காரணம். அது காசும் பெயரும் சம்பந்தப்பட்டது.

2021 மார்ச் 7-ல் 'எஞ்சாய் எஞ்சாமி' மாஜா நிறுவனத்தின் மூலம் வெளிவந்தது. தீ, அறிவு இருவர் பெயரில் பாட்டு. இசை சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்ட தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அறிவு வரிகளை எடுத்தார். பாட்டியே வீடியோவில் வருகிறார். ஒப்பாரியும் ஆட்டமும் ஒரே பாட்டில் கலந்த அபூர்வம் அது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அறிவைக் காணோம் என்று சர்ச்சை எழுந்தது. 2022 ஜூலை 28-ல் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அறிவு இல்லாமல் மேடையேறியது. சில நாள் கழித்து, மெட்டோ ஒரு சொல்லோ தனக்கு யாரும் தந்ததில்லை என்ற பொருளில் அறிவு எழுதினார். இசையமைத்து, வாத்தியம் அமைத்து, பதிவு செய்தது தான் என்றும், வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார். 2024 மார்ச்சில் அவரே, அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு இதுவரை வருமானம் எதுவும் வரவில்லை என்று வீடியோவில் சொன்னார். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டு!

யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பாட்டில் மெட்டு எங்கே முடிகிறது, பாடுகிறவரின் இழுப்பு எங்கே தொடங்குகிறது, அரேஞ்ச்மென்ட் எங்கே மெட்டாகவே மாறிவிடுகிறது என்பதெல்லாம் ஒரே அறையில் சிரித்துப் பேசிச் செய்யும்போது யாருக்கும் தெரியாது. ஹிட் ஆன பிறகு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நினைவு. எட் ஷீரனின் 'ஷேப் ஆஃப் யூ' 2017-ல் வந்தது. அதன் ஒரு பகுதி தங்கள் பாட்டிலிருந்து எடுத்தது என்று சிலர் சொல்ல, லண்டன் உயர் நீதிமன்றம் வரை போய், 2022 ஏப்ரலில்தான் ஷீரனுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. இப்போதெல்லாம் பாட்டு எழுத உட்காரும்போதே அனைத்தையும் வீடியோ எடுத்து வைத்துவிடுகிறேன் என்றார் அவர். உலகப் பணக்காரப் பாடகருக்கே அந்த நிலை என்றால், உன் போனில் தேதியோடு கிடக்கிற இரைச்சல் பதிவின் மதிப்பை யோசி.

சட்டம் உன் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, படப்பாட்டானாலும் தனிப்பாட்டானாலும் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை ஒரு கம்பெனிக்கு மொத்தமாக எழுதிக்கொடுத்துவிட முடியாது. எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. (திரையரங்கில் படத்தோடு ஓடுவது மட்டும் இதில் விலக்கு.) அந்தப் பங்கை வசூலிக்க மும்பையில் 1969-லிருந்து ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது, தனிப்பாட்டுக்காரர்களும் உறுப்பினராகலாம். உரிமையைப் பதிவு செய்தால்தான் பிறக்கும் என்பதில்லை. ஆனால் யார் எதைச் செய்தார்கள் என்று எழுதி வைக்காத பாட்டுக்கு எந்தச் சங்கமும் பங்கு பிரித்துக் கொடுக்க முடியாது.

ஆகவே லேபிள், டிஸ்ட்ரிபியூட்டர், ரீல்ஸ் பேச்செல்லாம் அப்புறம். புதிய மிக்ஸில் லூப்பை எடுத்துவிட்டுத் துடும்பைப் பழைய தாமதத்தோடு திரும்ப வை. பல்லவியின் இரண்டாவது அடியை அந்தப் பெண்தான் பாடும்போதே மாற்றினாள் என்று நீயே எழுதியிருந்தாய். அப்படியானால் மெட்டில் அவளுக்கும் பங்கு இருக்கிறது, வெறும் 'பாடியவர்' என்று போட்டு முடிக்காதே. வரி யார், மெட்டு யார், துடும்பு யார், புரோகிராமிங் யார், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரே தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போடுங்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் ஒரு பென்டிரைவ் வாங்கி, முதல் பதிவையும் அந்தத் தாளின் போட்டோவையும் ஏற்றி வை. இன்னொரு நகலை மற்ற இருவருக்கும் அன்றைக்கே அனுப்பிவிடு.